பத்துப் பொருத்தமும் ஒரு மதர்போர்டும்

'மதர்போர்டு' என்று அதற்குப் பெயர் வைத்த மகானுபாவன் நிச்சயம் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும். பிராசஸரைப் பற்றிப் பெருமை பேசுவார்கள். கிராஃபிக்ஸ் கார்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார்கள். ராம் எத்தனை ஜி.பி. என்று வருகிறவன் போகிறவனெல்லாம் விசாரிப்பான். இத்தனை பேரையும் மடியில் போட்டுக்கொண்டு, எல்லாருக்கும் கரண்ட் பரிமாறிக்கொண்டு அடியில் கிடக்கிற பலகையை மட்டும் ஒருத்தரும் 'சௌக்கியமா?' என்று கேட்பதில்லை. அது ஒரு நாள் படுத்தால்தான், வீட்டில் காபிகூடக் கிடைக்காது என்று உறைக்கும்.

2025 நவம்பரில் என் வீட்டில் படுத்தது. ஸ்விட்சைத் தட்டினால் ஃபேன் இரண்டு சுற்று சுற்றும். நிற்கும். மறுபடி இரண்டு சுற்று. தள்ளிவிட ஆள் தேடும் டவுன் பஸ் மாதிரி ஓர் இருமல், அவ்வளவுதான். ஸ்க்ரீனில் அமாவாசை.

2015-ல் 45,000 ரூபாய்க்கு, ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கி வாங்கி நானே முடுக்கிய மெஷின். இன்டெல் நாலாம் தலைமுறை ஐ5 4460, 8 ஜி.பி. டி.டி.ஆர்.3 ராம். 2017-ல் ஒரு ஜி.டி.எக்ஸ் 1050 டி.ஐ. கார்டு சேர்ந்தது. நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் தேய்மானம் போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. வருஷத்துக்கு 40 சதவீதம் என்று பத்து வருஷம் கழித்துக்கொண்டே வந்தால் மிச்சம் நிற்கிற மதிப்பு ரூபாய் 272. அந்த 272 ரூபாய் சொத்துக்கு 5,000 ரூபாய் வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்றால் எந்த ஆடிட்டரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருமுறை நிதானமாகப் பார்ப்பார்.

ஆனால் ஐந்தொகையில் வராத ஐட்டம் ஒன்று இருக்கிறது. என் தம்பி.

அவன் புனேயில் இருக்கிறான். போனில் எங்கள் சம்பாஷணை இப்படிப் போகும்: "சாப்டியா?" "சாப்டேன். அம்மா?" "நல்லாருக்காங்க." "சரிண்ணே." முடிந்தது. நாற்பது செகண்ட். ஆனால் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' திறந்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டால் பயல் வேறு ஆள். 1999-ல் வந்த ஆட்டம் அது. பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிப் பழகினோம். 2019-ல் அதைப் புதுப்பித்து இறக்கினார்கள். 2022-ல் அதில் திராவிடர்கள் என்று ஒரு தனி நாகரிகமே சேர்த்து, ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு படையெடுப்பும் வைத்தார்கள். அன்றிலிருந்து தம்பி வேறு நாட்டைத் தொடுவதில்லை. உருமி வீசுகிற வீரர்கள், யானைமேல் வில்லாளிகள் என்று கிளம்பிவிடுவான்.

2023-ல் ஒரு சனிக்கிழமை. நான் மும்முரமாகக் கோட்டைச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கிறேன். "அண்ணே, அந்தப் பக்கம் ஒரு கேட் வை. அப்புறம்... எனக்கு வேலை போய் மூணு வாரம் ஆச்சு" என்றான். அவ்வளவு சாதாரணமாக. நேரில் சொல்லியிருக்க மாட்டான். போனில் சத்தியமாகச் சொல்லியிருக்க மாட்டான். மரம் வெட்டிக்கொண்டே, தங்கம் தோண்டிக்கொண்டே, மூஞ்சியைப் பார்க்காமல் பேசினால்தான் சில ஆண்பிள்ளைகளுக்கு வாய் வரும்.

இப்போது மெஷின் படுத்த பத்து நாளில் அவனே இரண்டு முறை போன் செய்தான். "கம்ப்யூட்டர் எப்பண்ணே ரெடியாகும்?" "என்னடா விஷயம்?" "ஒண்ணுமில்ல. சும்மாதான்." இந்தச் 'சும்மா'வுக்கு அர்த்தம் தெரியாத அண்ணன் உண்டா?

மனைவியின் லேப்டாப் இருக்கிறதே என்பீர்கள். அது ஆபீஸ் லேப்டாப். அதில் கால்குலேட்டரைத் திறந்தாலே அவர்கள் ஐ.டி. டிபார்ட்மென்டுக்குத் தந்தி போய்விடும்.

போர்டுதான் போச்சு என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் சில சம்பிரதாயங்கள் உண்டு. ராமைக் கழற்றி, அதன் தங்கப் பல்வரிசையைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவது (தமிழ்நாட்டுக் கம்ப்யூட்டர்களில் பாதி இதிலேயே பிழைத்துவிடும்). சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியை மாற்றுவது. கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துவிட்டு, போர்டிலேயே இருக்கும் வீடியோ போர்ட்டில் மானிட்டரைச் செருகுவது. ஒரு ராமை மட்டும் வைத்துப் பார்ப்பது. நண்பனின் பவர் சப்ளையைக் கடன் வாங்கி மாட்டுவது. எல்லாம் செய்தேன். கடைசியில் பிராசஸரைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு போய் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரரின் போர்டில் வைத்துப் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது.

"பிள்ளைங்க எல்லாம் நல்லாருக்கு சார். அம்மாதான் போயிட்டாங்க" என்றார் கடைக்காரர்.

சரி, புது போர்டு வாங்கலாம் என்றால் அங்கேதான் விஷயம். ஒரு போர்டை மட்டும் வாங்க முடியாது. சாக்கெட் பொருந்த வேண்டும். ஜாதகத்தில் ரஜ்ஜுப் பொருத்தம் மாதிரி. மற்ற ஒன்பதும் அமோகமாக இருந்து இது ஒன்று தட்டினாலும் ஜோசியர் கட்டை மடித்துவிடுவார். என் பிராசஸருக்கு எல்.ஜி.ஏ. 1150 சாக்கெட். 2013-ல் வந்தது. 2015-லேயே இன்டெல் 1151-க்குத் தாவியது. பிறகு 2020-ல் 1200, 2021-ல் 1700, 2024-ல் 1851. பதினோரு மாசத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிற வாடகைக் குடித்தனக்காரன்கூடக் கொஞ்சம் யோசிப்பான். ஏ.எம்.டி. பரவாயில்லை. ஏ.எம்.4 சாக்கெட்டைப் பல வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக, இப்போது கடையில் புதிதாய்ப் பளபளக்கிற எந்த போர்டைத் தொட்டாலும் என் பிராசஸர் போச்சு. பிராசஸர் போனால் ராம் போச்சு. டி.டி.ஆர்.3 குச்சியின் வெட்டு ஓரிடத்தில், டி.டி.ஆர்.4-ன் வெட்டு வேறிடத்தில். சுத்தியலால் அடித்தாலும் உள்ளே போகாது. மருமகள் வருகிறாள் என்று பார்த்தால், வீட்டில் இருக்கிற பீரோ, கட்டில், மாமியார் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிற சம்பந்தம்.

கடைக்காரர் கால்குலேட்டரை எடுத்தார். "காலத்துக்குத் தகுந்த மாதிரி போயிடலாம் சார். ரைசன் 5 5600, பதினொண்ணரை. போர்டு ஆறு. 16 ஜி.பி. ராம் ஒம்பது..."

"ஒம்பதா?"

"முன்னெல்லாம் பாதிகூட கிடையாது சார். இந்த ஏ.ஐ. காரங்க உலகத்துல இருக்கற மெமரியெல்லாம் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போறாங்க. பவர் சப்ளையும் பழசு. ஒரு மூணரை போட்டுடலாம். முப்பது சார், ரவுண்டா."

ரவுண்டாக முப்பதாயிரம். ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனுக்கு முப்பதாயிரம் என்பது எத்தனை கட்டுரை என்று நான் கணக்குப் போட்டதை இங்கே எழுதினால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

நியாயமாகப் பேச வேண்டும். கடைக்காரர் சொன்னது தப்பில்லை. புதுப் புது ஆட்டங்களை ஆடுகிறவனாக இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். அதிலும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மங்களம் பாடிவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட். விண்டோஸ் 11-ஓ இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இருப்பவர்களை அதிகாரபூர்வமாக வாசலிலேயே நிறுத்துகிறது. என் நாலாம் தலைமுறையை செக்யூரிட்டி கேட்டுக்குள்ளேயே விடமாட்டான். அதனால் இந்த மெஷினில் பேங்க் கணக்கு, வரிக் கணக்கு எதுவும் இனிமேல் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு மட்டும். அந்த ஆட்டத்துக்கு ஐ5 4460 தாராளம். தேவை முடிந்துபோன இடத்தில் பிராசஸரை எதற்கு மாற்றுவது?

அப்படியென்றால் பழைய ஜாதி போர்டுதான். அதில் மூன்று ரகம் கிடைத்தது.

ஒன்று, 'புத்தம் புதுசு'. 3,200 ரூபாய். பெட்டிமேல் டிராகன் படம், கம்பெனி பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. "சிலதுல சிப்பு பழைய போர்டுலேர்ந்து கழட்டினது சார். ஓடினா ஓடும்" என்று கடைக்காரரே காதோடு சொன்னார். பயாஸ் அப்டேட் வேண்டுமென்றால் எந்த வாசலில் போய் நிற்பது?

இரண்டு, ஆபீஸ்களில் ஏலம் போன கம்பெனி கம்ப்யூட்டர்களின் போர்டு. 1,200 ரூபாய்தான். ஆனால் பல போர்டுகளில் பவர் கனெக்டர் தனி தினுசு. ஸ்க்ரூ துளையும் நம் பெட்டியோடு ஒத்துப்போகாது. தனிக்குடித்தனம் தவிர வேறெதற்கும் ஒத்துவராத ஜாதகம்.

மூன்று, நாலு பேருக்குத் தெரிந்த கம்பெனியின் செகண்ட் ஹேண்ட் போர்டு. இதிலேயே ஹெச்81, பி85 என்று இரண்டு சிப்செட். ஹெச்81 சிக்கனம். ராமுக்கு இரண்டே ஸ்லாட். நான் பி85-ல் நாலு ஸ்லாட் உள்ளதாகத் தேடினேன். என்னிடம் ஏற்கெனவே இரண்டு 4 ஜி.பி. குச்சி இருந்தது. உபயோகித்த டி.டி.ஆர்.3 குச்சி இன்னும் இரண்டு 900 ரூபாய்க்குக் கிடைக்கும்போது, ஸ்லாட்டுக்குப் போய்க் கஞ்சத்தனம் செய்வானேன்.

பழைய போர்டு வாங்கப் போகிற நண்பர்களுக்கு, நான் அங்கே முக்கால் மணி நேரம் குனிந்து பார்த்ததில் ஒரு வார்த்தை. சாக்கெட்டில் 1150 ஊசிகள் நிற்கின்றன. நேராகப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். வரிசையில் ஒன்று தலை சாய்த்து நின்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியிருந்தால் ஆகாது. யு.எஸ்.பி., நெட்வொர்க் ஓட்டைகளின் தகரத்தில் துரு ஏறியிருந்தால் பெசன்ட் நகர்ப் பக்கம் கடற்காற்று வாங்கிய போர்டு. அப்புறம் பயாஸ். இந்த சிப்செட்டுகள் வந்தது 2013-ல், என் பிராசஸர் 2014-ல். முதல் வருஷத்து பயாஸோடு அப்படியே தூங்கிக்கொண்டிருக்கும் போர்டுக்கு அடுத்த வருஷத்துப் பிள்ளையை அடையாளம் தெரியாமல் போகலாம். அப்டேட் செய்து, உங்கள் பிராசஸரை வைத்து, உங்கள் கண்ணெதிரே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கூடவே பின்பக்கத் தகரத் தட்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் பல்லி குடிவரும். அனுபவஸ்தர்கள் சொன்னது.

நான் பார்த்ததில் இரண்டு தேறவில்லை. மூன்றாவது தேறியது. 3,800. ஒரு மாச வாரன்டி, பில்லில் சீல் வைத்து. ராம் 900, பேட்டரி 30, பிராசஸர்மேல் தடவுகிற பேஸ்ட் 150. மொத்தம் 4,880.

மாட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரிய பெரிய சாமான்களெல்லாம் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்துவிடும். பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வருகிற பவர் ஸ்விட்ச், ரீசெட், விளக்கு ஒயர்கள்தான் பிராணனை வாங்கும். கடுகு சைஸ் எழுத்து. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நான் போர்டுக்குள் தலையை விட்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, மிக்ஸி மூணு மாசமா வாசனை அடிக்குது. அதுக்கும் ரிச்சி தெருல மதர் கிடைக்குமா?"

டார்ச் வாயில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. சௌகரியம்.

போர்டு மாறினால் விண்டோஸ் அதை வேறு கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொள்ளும். மறுபடி ஆக்டிவேட் செய்ய வேண்டும். என்னுடையது தனியாகக் காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்பதால் மாற்றிக்கொள்ள முடிந்தது. மெஷினோடு சேர்ந்து வருகிற லைசென்ஸ் என்றால் பழைய போர்டோடேயே அதுவும் போய்ச் சேர்ந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை ராத்திரி பத்து மணி. தம்பி வழக்கம்போல் திராவிடர்கள்.  முதல் அரை மணி நேரம் 'ஆடு எங்கே', 'விறகு பத்தலை' என்பதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் 'சும்மாதான்' ஆகிவிடும்.

எதிரி கோட்டையை நெருங்குகிற சமயத்தில்தான் ஆரம்பித்தான்.

"அண்ணே, யானையெல்லாம் இடது பக்கம் கொண்டு வா. அப்புறம், அம்மாகிட்ட நீதான் பேசணும்."

"எதைப் பத்தி?"

"இங்க ஒரு பொண்ணு. மராத்தி. கூட வேலை பாக்குது. ரெண்டு வருஷமா தெரியும்."

நான் யானைகளை நகர்த்திக்கொண்டே, "அம்மா ஜாதகம் கேப்பாங்களேடா" என்றேன்.

"அவ வீட்ல ஜாதகமே எழுதலையாம்ண்ணே."

"பொண்ணு பேரு என்ன?" என்றேன். சொன்னான். அதற்குள் என் யானைகளில் நாலு செத்துப்போயிருந்தன.