சாஃப் என்றால் சுத்தமா, சிவப்பா?

தில்லி கரோல் பாகில் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிய ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், மங்கிப்போன பழைய படங்களுக்குப் புத்துயிர் - அவருடைய பிழைப்பு இவ்வளவுதான். முப்பது வருடங்களுக்கு மேல் கலர் பிரிண்ட் பார்த்துப் பழகிய கண்.

ஒரு தாய் மகளுடன் வருகிறார். வீட்டு ஹாலில் எடுத்த மகளின் படத்தைப் பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டும். "பாயி சாப், முகத்தைக் கொஞ்சம் சாஃப் பண்ணிக் கொடுங்கள்."

இந்தியில் சாஃப் என்றால் சுத்தம். மேனி நிறம் பற்றிப் பேசும்போது அதுவே சிவப்பு என்றாகிவிடும். எந்த அர்த்தத்தில் கேட்கிறார் என்று அவர் விசாரிப்பதில்லை. முதல் அர்த்தத்தில் வேலையை ஆரம்பிக்கிறார்.

படத்தில் முகம் பச்சை பாரித்திருக்கிறது. டியூப்லைட்டின் கைவரிசை. அதன் ஒளியில் பச்சை சற்றுத் தூக்கல். குண்டு பல்பாக இருந்தால் முகம் மஞ்சளாகியிருக்கும். நடுப்பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின் என்றால் பல்பின் ஒளி 2,800தான். மனிதக் கண் இதையெல்லாம் தானே சரிக்கட்டிக்கொள்ளும். கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இன்னும் முழுசாக வரவில்லை. பகல் வெளிச்சத்துக்கென்றே செய்த ஃபிலிமுக்கு அறவே கிடையாது.

அவர் முதலில் முகத்தைத் தொடுவதில்லை. படத்தில் வெள்ளை எங்கே என்று தேடுகிறார். சுவரை மட்டும் நம்ப முடியாது, சுண்ணாம்பில் நீலம் கலந்திருப்பார்கள். சுவர், துப்பட்டா, காலண்டரின் ஓரம் மூன்றையும் ஒப்பிட்டபடி, பச்சைக்கு எதிர் நிறமான மெஜந்தாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார். வெள்ளை வெள்ளையாகும்போது முகமும் தன் நிறத்துக்குத் திரும்புகிறது. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் மட்டும் நீலம் மிச்சம். அதைத் தனியாகச் சரிசெய்கிறார். விளக்கை அணைத்து, ஜன்னலோரம் உட்காரவைத்து எடுத்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

"இன்னும் கொஞ்சம்" என்கிறார் தாய்.

இங்கேதான் கோடு. தோலுக்கு நிறம் தருபவை முக்கியமாக மெலனினும் ரத்தமும். எந்த ஊர் முகமானாலும் சாயல் பெரிதாக மாறாது, அடர்த்திதான் மாறும். சாயலைத் திருத்தினால் போவது விளக்கின் நிறம். அடர்த்தியைக் குறைத்தால் போவது பெண்ணின் நிறம்.

இந்தக் கோட்டைப் பெரிய இடங்களிலும் மதித்ததில்லை. கோடக் நிறுவனம் லேப்களுக்கு அளவுகோலாகத் தந்த 'ஷெர்லி' அட்டையில் பல காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் மட்டுமே இருந்தது. 1990களில்தான் பல நிற முகங்கள் சேர்ந்தன. ஷாதி.காம் இணையதளம் தோல் நிறத்தைக் கொண்டு வரன் தேடும் வசதியை நீக்கியது 2020இல்.

அவர் பிரிண்ட் ஒன்றை எடுத்துத் தாயிடம் கொடுத்து, மகளை வாசல் வெளிச்சத்தில் நிற்கச் சொல்கிறார். "பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பெஹன்ஜி. இவள்தானே?"

தாய் மகளைப் பார்க்கிறார், படத்தைப் பார்க்கிறார். மகள் தரையைப் பார்க்கிறாள். எதிர்க்கடையில் ஒரே பொத்தானில் வெளுத்துக் கொடுப்பார்கள் என்பது மூவருக்கும் தெரியும்.

"நாலு காப்பி போடுங்கள்" என்கிறார் தாய். மகள் நிமிர்ந்து பார்க்கிறாள்.