இடையே ஒரு மெல்லிய பட்டை

தில்லியில் கோடையைக் கழித்தவர்க்குக் கூலரின் பட்டையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்ததும் தகரப் பெட்டியின் மூன்று பக்கத் தட்டிகளையும் கழற்றி, சென்ற ஆண்டின் உப்புப் படிந்து இறுகிய மரச்சீவலை எறிந்துவிட்டு, புதிய சீவலோ வெட்டிவேரோ வைத்துக் கட்டுவது இங்கு வாழும் பல குடும்பங்களுக்கு ஆண்டுச் சடங்கு. நம் ஊர்ப் பக்கம் பானைத் தண்ணீரில் இடும் வெட்டிவேர்தான் இங்குக் ‘கஸ்’ என்னும் பெயரோடு சாளரத்தில் நிற்கிறது என்று முதன்முதலாக அறிந்தபோது, அயலூரில் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சி நமக்கு உண்டாயிற்று. ஆயினும் மேசைக் கணிப்பொறிக்குள்ளும் ஒரு பட்டை உண்டு, அதற்கும் ஆயுள் உண்டு, அதையும் ஒருநாள் மாற்றியாக வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டு மே மாதம் வரை நாம் அறியோம்.

அக்கணிப்பொறி 2004இல் வாங்கியது. தாயார் மறைந்தபின், கும்பகோணத்தில் தனித்திருந்த தந்தையாரை நம்மோடு தில்லிக்கு அழைத்துவந்ததும் அவ்வாண்டில்தான். அப்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. அண்டை வீட்டாரோடு பேச இந்தி தெரியாது. நம்மோடு பேசவோ நமக்குப் பொழுது இல்லை. பொழுது இருந்த நாள்களிலும் தந்தைக்கும் மகனுக்கும் இடையே மின்கட்டணம், மருந்து, நாளைய காய்கறி என்பவற்றுக்கு அப்பால் பேச்சு நீண்டதில்லை. அவர் பொழுதுபோக்கட்டும் என்று ஒரு தமிழ் மென்பொருளை அதில் ஏற்றித் தட்டச்சு செய்யக் கற்றுக்கொடுத்தோம். நான்கு குளிர்காலங்கள் அவர் கம்பளி போர்த்துக்கொண்டு ஒற்றை விரலால் தம் நினைவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். 2009இல் அவர் காலமானார். கணிப்பொறியின்மேல் ஒரு துணியைப் போர்த்தினோம். என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்க மனம் துணியவில்லை; பார்க்கலாம், பார்க்கலாம் என்று ஏழாண்டுகள் போயின.

கேட்டவள் நம் மகள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழைச் சரளமாகப் பேசுவாள், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். “தாத்தா எழுதினதை நான் படிக்கணும்ப்பா” என்றாள். துணியை விலக்கிப் பொறியை இயக்கினோம். பத்து நிமிடம் ஓடிற்று. பின்பு விளக்கு அணைவதுபோல் தானே நின்றது. மீண்டும் இயக்கினால் ஐந்து நிமிடம், அதன்பின் மூன்று.

உள்ளிருந்த வட்டைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் இணைத்துப் பார்த்தோம். கோப்புகள் இருந்தன, எழுத்துகள்தாம் இல்லை. ஒருங்குறி பரவுவதற்கு முன் தமிழ் மென்பொருள்கள் பலவும் தத்தமக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தன. ஆகவே தந்தையாரின் தமிழ் அங்கே புள்ளியும் கோடும் கொக்கியுமாய், எம்மொழியும் அல்லாத குறிகளாய் நின்றது. மென்பொருளின் குறுந்தகடோ வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. அன்று நமக்குத் தெரிந்த ஒரே வழி பழைய பொறியைப் பிழைக்க வைப்பதே.

நேரு பிளேசுக்கு எடுத்துச் சென்றோம். கணிப்பொறி உறுப்புகளுக்கும் பழுது நீக்குவதற்கும் தலைநகரில் பெயர்பெற்ற கடைத்தெரு அது. ஓர் இளைஞர் மூடியைத் திறந்து பார்த்தவுடன், “இதைக் கபாடிக்குப் போட்டுவிடுங்கள், அங்கிள்ஜி” என்று இந்தியில் சொன்னார். நம் முகத்தைப் பார்த்தாரோ, மகளின் முகத்தைப் பார்த்தாரோ, பிறகு குரலைத் தாழ்த்தி, “இதில் எதுவும் கெடவில்லை, சூடு வெளியேறவில்லை, அவ்வளவுதான்” என்று கூறி ஓர் உண்மையை விளக்கினார்.

கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலியின்மேல் அலுமினியத் துடுப்புகள் கொண்ட ஒரு கட்டை அமர்ந்திருக்கும், ‘ஹீட்சிங்க்’ என்பர். செயலியின் சூட்டை அது வாங்க, மேலுள்ள விசிறி அதைக் காற்றில் கலக்கும். இரண்டும் வழவழப்பான உலோகப் பரப்புகளே. கண்ணுக்கு அவை முழுதும் ஒட்டியிருப்பதாகத் தோன்றும். உண்மையில் நுண்ணிய மேடுகள் சில மட்டுமே ஒன்றையொன்று தொடுகின்றன. எஞ்சிய பள்ளங்களில் எல்லாம் காற்று. காற்றோ வெப்பத்தைக் கடத்துவதில் மிக மோசமானது. அலுமினியம் அதைவிடச் சுமார் 9,000 மடங்கு நன்றாகக் கடத்தும். எனவேதான் இடையே ஒரு மெல்லிய பட்டையை வைக்கிறார்கள். சூடுபட்டதும் அது இளகிப் பள்ளங்களில் பரவிக் காற்றை வெளியேற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் சூடேறியும் ஆறியும் அது காய்ந்து வெடித்துவிட்டால், காற்று மீண்டும் இடம்பிடித்துக்கொள்ளும். வெப்பம் எல்லை மீறும்போது, தான் எரிந்துபோகாதிருக்கச் செயலி தன்னை நிறுத்திக்கொள்கிறது. நம் பொறி பத்து நிமிடத்தில் நின்றதன் காரணம் இதுவே.

பழைய பட்டையை மறுபடி பயன்படுத்தலாகாது என்றார் அவர். அதற்கு மாற்றாகச் சிறு ஊசிக்குழாயில் அடைத்த வெண்ணிறக் களிம்பு ஒன்றைத் தந்தார். துத்தநாக ஆக்சைடுத் தூளைச் சிலிக்கோன் எண்ணெயில் குழைத்தது. “நீங்களே செய்யலாம். ஆனால் கட்டையை நேராக மேலே இழுக்காதீர்கள்” என்று எச்சரித்தார். காரணம் உண்டு. அக்காலத்துப் பென்டியம் 4 செயலியின் அடியில் 478 ஊசிகள். காய்ந்த பட்டை பசைபோல் பிடித்திருக்க, இழுத்த வேகத்தில் பூட்டிய இருக்கையிலிருந்து செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும்; ஊசிகள் வளையும், ஒடியவும் கூடும். ஒடிந்தால் அத்தோடு தீர்ந்தது.

அன்று மாலை மகளும் நாமுமாக அமர்ந்தோம். முதலில் பொறியை ஓடவிட்டோம். சூட்டில் பட்டை சற்றே இளகும் என்பதற்காக. அது தானே நின்றதும் மின்னிணைப்பைப் பிடுங்கி, துடுப்புகளில் கம்பளிபோல் அடைந்திருந்த தில்லித் தூசியைத் தூரிகையால் அகற்றினோம். இரு வெள்ளைப் பிடிகளையும் தளர்த்தி, கொக்கிகளை விடுவித்தோம். கட்டையைப் பற்றிய கைகள் மகளுடையவை. நமக்குக் கை நடுங்கும். விளக்குப் பிடிப்பதே நம் பணி. இடமும் வலமுமாக அவள் மயிரிழை அளவு திருகிக்கொண்டே இருந்தாள். கூலரின் இரைச்சலைத் தவிர வீட்டில் ஓசை இல்லை. ‘சட்’டென்று ஓர் ஒலி. கட்டை கையோடு வந்தது. செயலி தன் இருக்கையிலேயே இருந்தது. அதன் முதுகில் தபால்தலை அளவில், வறண்ட குளத்தின் சேறுபோல் வெடித்த சாம்பல்நிறப் பட்டை.

பழையதைச் சுரண்டாமல், ஆல்கஹால் நனைத்த துணியால் இரு பரப்புகளையும் பொறுமையாகத் துடைத்தோம். தந்தையாரின் பழைய வேட்டித் துண்டுதான் கைக்குக் கிடைத்தது. பிறகு புதிய களிம்பு. எவ்வளவு? ஒரு சிறு பட்டாணி அளவு. நமக்கோ, இன்னும் கொஞ்சம் வைத்தால் நல்லதுதானே என்ற எண்ணம். மகள் மறுத்தாள். “அது உலோகத்தைவிட மட்டம்தான்ப்பா, காற்றைவிடத்தான் மேல். நிறைய வச்சா அதுவே தடையாயிடும்” என்றாள். கட்டையை நேராக அமர்த்திப் பூட்டினோம்.

பொறியின் தொடக்கத் திரையில் செயலியின் வெப்பத்தைக் காட்டும் பக்கம் உண்டு. முன்பு 94 டிகிரி காட்டியது. இப்போது 58இல் நின்றது. பத்து நிமிடம் கடந்தது, அரைமணி கடந்தது, பொறி நிற்கவில்லை. நள்ளிரவு வரை அச்சிட்டோம்: 164 பக்கங்கள்.

மகள் எழுத்துக் கூட்டிப் படிக்க, திருத்திக்கொண்டே நாம் கேட்டோம். காவிரி வெள்ளம், திண்ணைப் பள்ளிக்கூடம், தாயாரின் கைச்சமையல் எனப் போய்க்கொண்டிருந்த எழுத்தில், 1979ஆம் ஆண்டு வந்தது. வேலை கிடைத்து நாம் தில்லிக்குப் புறப்பட்ட ஆண்டு. ஒரே மகன் இவ்வளவு தொலைவு போவதில் தந்தையாருக்கு விருப்பமில்லை. வழியனுப்ப நிலையத்திற்கு அவர் வரவில்லை. அச்சினத்தை நாம் மறக்கவும் இல்லை, அதைப் பற்றி அவரிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை. அவர் எழுதியிருந்தார்: நிலையத்திற்கு வந்தால் எல்லார் முன்னும் அழுதுவிடுவோம் என்று அஞ்சி, ஊரைக் கடந்து ரயில்வே கேட் அருகே போய் நின்றதாகவும், வண்டி சென்றபோது எந்தச் சாளரம் என்று தெரியாமல் எல்லாச் சாளரங்களுக்கும் கையசைத்ததாகவும்.

மகள் படிப்பதை நிறுத்திவிட்டு நம்மைப் பார்த்தாள். அவ்விடத்தில் திருத்த நம்மிடம் சொல் இல்லை.

ஐந்தாண்டுகள் ஒரே கூரையின்கீழ் இருந்தோம். அருகில் இருப்பதே போதும் என்று நினைத்திருந்தோம். அருகில் இருந்தவர் நெஞ்சின் சூடு நம்மை வந்து சேர முப்பத்தேழு ஆண்டுகளும், அவர் மறைவும், பேத்தியின் கைகளும் வேண்டியிருந்தன. பெரிதாக ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. மாலையில் ஒரு கால்மணிப் பேச்சு, ‘அன்று ஏனப்பா வரவில்லை?’ என்னும் ஒரு கேள்வி, அவ்வளவே.

அப்பொறி 2019 வரை ஓடியது. பின்னர் அதைக் கபாடிக்காரரிடம் கொடுத்தோம், வருத்தமில்லை. பக்கங்கள் கட்டடம் செய்யப்பெற்று அலமாரியில் உள்ளன. மகள் இப்போது தடுமாறாமல் படிக்கிறாள். அயலூரில் முதியோரோடு வாழும் நம்மனோர் இல்லங்களில் இத்தகைய கோப்புகள் இன்னும் திறக்கப்படாமல் இருக்கலாம். எழுதப்படாமலே நெஞ்சில் இருப்பவையும் இருக்கலாம். ஏப்ரலில் கூலர்ப் பட்டையை மாற்றும்போது அவர்கள் அருகிலும் சற்றே அமர்ந்து ஒரு கேள்வி கேளுங்கள் என்பதே நாம் சொல்ல விரும்புவது.