பொழியூரில் நின்ற வண்டி

மார்ச் 24, 2020

தமிழ்நாட்டில் மாலை 6 மணிக்கு 144 தடையுத்தரவு நடைமுறைக்கு வந்து மாவட்ட எல்லைகள் மூடப்பட்டதால், திருவனந்தபுரத்தில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றுவரும் முதிய தாயை குமரி மாவட்ட விளவங்கோட்டு வீட்டுக்கு அழைத்துச் சென்ற மகனின் வாடகை வேன் மாநில எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு முன்பே திருப்பப்பட்டது. பூவார் வழியான கடற்கரைச் சாலையும் அடைபட்டிருந்தமையால், கேரளக் கடற்கரையின் தென்கோடி ஊரான பொழியூரில் அது நின்றது. ஓட்டுநரின் உறவுக்காரப் பெண் ஒருவர் பின்கட்டு அறையைத் திறந்துவிட்டார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்னும் செய்தி அங்கேதான் காதில் விழுந்தது.

மார்ச் 25

தாய் உறங்கினார். மகன் உறங்கவில்லை.

மார்ச் 29

நீரோடி, அதாவது குமரிக் கடற்கரையின் மேற்குக் கோடியிலுள்ள தமிழ்நாட்டு மீனவ ஊர், நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்க, இடையில் தடுப்பும் காவலும் நிற்பது மகனுக்குப் பொறுக்கவில்லை. தாய் பிறந்த காலத்தில் விளவங்கோடும் இந்த நெய்யாற்றின்கரை வட்டமும் ஒரே திருவிதாங்கூரில் இருந்தவை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய தாய்த்தமிழக இணைப்புப் போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மாநிலங்களைத் திருத்தியமைக்க அமைந்த பசல் அலி ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்போராட்டம் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் பள்ளியிலும் அலுவலகத்திலும் தமிழ் வேண்டுமென்று உயிர் கொடுத்தவர்கள், அப்படிப் பிறந்த எல்லைக் கோட்டில் ஒருநாள் நோயாளியின் வண்டி மறிக்கப்படும் என்று எண்ணியிருக்க முடியாது.

ஏப்ரல் 2

சமூக அடுக்களையிலிருந்து, அதாவது ஊராட்சியின் பொறுப்பில் குடும்பஸ்ரீ மகளிர் குழுவினர் சமைத்து வழங்கும் பொதுச் சமையலிலிருந்து, சோற்றுப் பொதிகள் வந்தன. எந்த மாநிலத்தவர் என்று எவரும் கேட்கவில்லை. தாய் வயிறார உண்டதைக் கண்ட மகன் நெடுநாளுக்குப் பின் சிரித்தார்.

ஏப்ரல் 9

மாத்திரை தீரப்போகிறது என்ற கவலையில் பகல் முழுதும் கழிந்தது. அருகிலுள்ள பாறசாலைக்குச் சென்ற இளைஞர் ஒருவர் மருந்துச் சீட்டைக் காட்டி வாங்கிவந்தார். மாலையில் தாயும் வீட்டுக்காரப் பெண்ணும் பொழிக்கரை வரை நடந்தார்கள். நெய்யாற்று நீர் மணல்திட்டை உடைத்துக் கடலில் சேரும் வாயே பொழி எனப்படுகிறது. நீரோடியில் வாழ்க்கைப்பட்ட தம் மகள் பிள்ளை பெற்றும் போய்ப் பார்க்க வழியில்லையே என்று அப்பெண் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகச் சொல்லி அழ, தாய் அதே கலப்பு மொழியில் தேற்றினார். மகனுக்கு அம்மொழி முழுதாகப் பிடிபடவில்லை.

ஏப்ரல் 12

உயிர்ப்புப் பெருவிழா. மக்களின்றித் திருப்பலி.

ஏப்ரல் 14

விஷுவும் சித்திரை முதல் நாளும் ஒன்றாக வந்தன. ஊரடங்கு மே 3 வரை நீண்டது. மகன் எவரிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 21

தமிழ்நாட்டுக்குள் செல்ல இணையவழி அனுமதி கேட்டு மகன் விண்ணப்பித்துக்கொண்டிருந்தபோது, அதுவரை வீட்டைப் பற்றி ஒருமுறையும் கேட்காதிருந்த தாய், "வீட்டுக்குப் போனா பெறவு ஆசுவத்திரிக்கு ஆரு விடுவா, மக்களே?" என்றார். அடுத்த மருத்துவச் சோதனை மே மாத இறுதியில், திருவனந்தபுரத்தில். மகன் விண்ணப்பத்தை முடித்து அனுப்பினார், மறுமொழி கூறவில்லை.

மே 4

பிற மாநிலங்களிலிருந்து திரும்பும் கேரளத்தவரை, அனுமதிச் சீட்டு பெற்றிருந்தால், பாறசாலையை அடுத்த இஞ்சிவிளைச் சோதனைச்சாவடி வழியாக இன்று முதல் உள்ளே விடுகிறார்கள். குமரி மாவட்ட நோயாளி ஒருவர் வீடு சென்று சிகிச்சைக்குத் திரும்பிவர ஒரே சீட்டாக எதுவும் கிடைக்கவில்லை. மகனின் விண்ணப்பத்துக்கும் இன்றுவரை பதில் இல்லை.