குடோனில் கால் தேய்கிறது

காங்கேயத்தில் எண்ணெய் ஆலைக்காரர்கள் எக்ஸ்பெல்லருக்கு லட்சக்கணக்கில் கொட்டுவார்கள், கொப்பரைக் களத்தைக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார்கள். குடோனுக்குள் மட்டும் இடம் கண்ட பக்கம் சரக்கு! ஆர்டருக்குச் சரக்கு எடுக்கிற பையனுக்குப் பாதிப் பொழுது நடையிலேயே போகுதுங்க. தினமும் போகிற அரை லிட்டர் பாக்கெட் பெட்டி கடைசி மூலையில். எப்போதாவது நகரும் சரக்கு வாசலில். ஏனுங்க இப்படி?

15 கிலோ டின்னைத் தலைக்கு மேல் அடுக்காதீர்கள், இறக்குகிறவர் முதுகு போய்விடும். நடைபாதை முட்டுச்சந்தாக இருந்தால் டிராலி திரும்பாது. நடுவில் ஒரு குறுக்குச் சந்து விடுங்கள். சுவரோடு ஒட்டி அடுக்கி முன்பக்கம் மட்டும் எடுத்தால், பழைய பேட்ச் பின்னாலேயே கிடந்து சிக்கு வாடை அடிக்கும். பின்னால் ஏற்றி முன்னால் எடுக்க வழி வேணும்.

இதற்கெல்லாம் சாப்ட்வேர் எதற்கு? மூன்று மாத பில் புக்கைப் புரட்டுங்கள், எது வாசலுக்கு வரணும் என்று தெரிந்துவிடும்.