ஊசிக்கு முன் ஒரு நாள் விரதம்

பச்சை குத்தப் போகிற பொடியன்களிடையே ஒரு பேச்சு: "கால் போத்தல் போட்டிட்டுப் போனா நோகாது மச்சான்." நோவு கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கும், அது உண்மைதான். ஆனால் அதற்கான விலையைத் தோல்தான் கொடுக்க வேண்டும்.

*

ஊசி மேல்தோலைத் தாண்டி ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் ஆழம் இறங்குகிறது. மை தங்க வேண்டிய இடம் அது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகிற இடமும் அதுதான். மதுசாரம் உள்ளே போனால் அந்தக் குழாய்கள் விரியும். குடித்தவரின் முகம் சிவப்பது இதனால்தான். குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைக்கிற வேலையும் மந்தமாகும். குத்துகிறவர் ஒரு கையால் துடைத்தபடியே மறு கையால் கோடு இழுக்க வேண்டி வரும். கசிவோடு மையும் வெளியே வந்துவிடும். ஆறிய பிறகு பார்த்தால் கோடு திட்டுத் திட்டாக நிற்கும். அதே இடத்தில் திரும்பவும் குத்தினால் தோல் நைந்து தழும்பாகும்.

*

ஒரு கணக்கு. அரைப் போத்தல் சாராயம் 375 மில்லிலீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு மதுசாரம் என்று வைத்தால் ஏறக்குறைய 100 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கரைக்கும். இரவு பத்து மணிக்கு அரைப் போத்தலை முடித்தவருக்கு, காலை பத்து மணி கடந்தும் உடம்பில் மிச்சம் இருக்கலாம். குடியால் சிறுநீர் கூடி உடம்பும் வறண்டிருக்கும். தலைசுற்றல், மயக்கம் வர அது போதும். 24 மணித்தியாலம் தொடாதே என்று சொல்வது இதற்காகத்தான். "கள்ளுத்தானே, உடம்புக்குக் குளிர்மை" என்கிறவர்களுக்கும் இதுவே பதில். கள்ளில் அளவு குறைவு; சாமான் ஒன்றுதான்.

*

புளியம்பொக்கணை நாகதம்பிரான் கோவிலில் தூக்குக்காவடி எடுக்கிறவர், செடில் முள் குத்த முன்னம் விரதம் இருக்கிறார். மச்சமும் இல்லை, மதுவும் இல்லை. இது சாமிக்குக் கொடுக்கிற மரியாதை. முள் இறங்கப்போகிற உடம்பும் மனமும் தெளிவாக இருக்க வேண்டும் என்ற அறிவும் அதற்குள் இருக்கிறது. செடில் காயம் ஆறிவிடும். பச்சை கட்டை வேகும்வரை கூடவே வரும். ஆறிப்போகிற காயத்துக்கு விரதம் பிடிக்கிற எங்களால், ஆயுளுக்கும் நிற்கிற ஒன்றுக்கு ஒரேயொரு நாள் இருக்க முடியாதா?

*

1958 கலவரத்துக்கும் 1977 கலவரத்துக்கும் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் வயதான பெண்களைப் பாருங்கள். முன்கையில் பச்சைப் புள்ளிக் கோலம், சிலருக்கு ஒரு பெயர். அவர்களுடைய முன்னோர் வந்த தமிழ்நாட்டில் குறத்திமார் மஞ்சளும் அகத்தியிலையும் எரித்த புகைக்கரியைக் குழைத்துக் குத்தினார்கள். நோவை மறக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினார்கள். நோவுக்குத் துணை வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அந்தத் துணை போத்தலில் இருந்து வரவில்லை.

*

2009இல் போர் முடிந்த பிறகு கையிலும் நெஞ்சிலும் ஏறிய பெயர்கள் பல, போனவர்களுடையவை. அம்மா, அண்ணன், ஒரு திகதி. இப்படியான பச்சைக்குப் போகும்போதுதான் குடி அதிகம், துக்கம் இழுக்கிறது. அதனாலேயே அன்று தெளிவாக இருக்க வேண்டும். குத்துவதற்கு முன் தோலில் ஊதா நிறத்தில் ஒரு அச்சு ஒட்டுவார்கள். அதை எழுத்தெழுத்தாய் வாசித்துச் சரிபார்க்க வேண்டியது குத்துப்படுகிறவரின் வேலை. ர இருக்க வேண்டிய இடத்தில் ற, 8 இருக்க வேண்டிய இடத்தில் 9. வெறியில் இருக்கிற கண் இதைத் தாண்டிப் போய்விடும்.

*

நல்ல கைக்காரர் மணத்திலேயே பிடித்துவிடுவார். "தம்பி, இண்டைக்கு ஏலாது. நாளைக்குச் சாப்பிட்டிட்டு வாங்கோ." அப்படித் திருப்பி அனுப்புகிறவரிடம்தான் திரும்பவும் போகவேணும். வெறியில் இருப்பவர் சொல்லும் ஓம், ஓம் இல்லை. ஊசி புதிதா, உங்கள் முன்னால் உறை உடைக்கிறாரா என்று பார்ப்பதற்கும் தெளிவு வேண்டும். ஈரலழற்சி பி, சி இரண்டும் பழைய ஊசியால் தொற்றக்கூடியவை.

*

வயலும் வாய்க்காலுமாய் இருக்கிற எங்கள் உருத்திரபுரத்தாருக்கு இன்னொன்று. புதுப் பச்சை திறந்த புண். அதோடு வாய்க்காலில் குளிக்கவோ வயல் சேற்றில் இறங்கவோ கூடாது. எலிக்காய்ச்சல் கிருமி புண் வழியாக உள்ளே போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டுபோனது. காலபோக வேலை முடிந்த பிறகு குத்துங்கள், புண் ஆற இரண்டு மூன்று வாரம் விடுங்கள். முதல் சில நாட்களுக்குக் குடியும் வேண்டாம்.

*

நோவுக்குப் பயமா? வயிறு நிறையச் சாப்பிடுங்கள், தண்ணீர் குடியுங்கள், கதைக்கத் தெரிந்த சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போங்கள். இடையில் நிறுத்தச் சொல்லலாம், வெட்கமில்லை. பெரிய படத்தை இரண்டு தவணையில் முடிக்கலாம். இதற்கும் மனம் துணியவில்லை என்றால், அந்தப் பச்சைக்கு இன்னும் நேரம் வரவில்லை. பொறுத்துக் குத்தலாம்.