அப்பாயிக்கு எப்போது அறுபது வயதானது?

எங்கள் அப்பாயிக்கு அறுபது வயதாகிவிட்டது என்று அரசாங்கத்தை நம்ப வைக்க எங்களுக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதற்கு முன்னால் மூன்று வருடம் போல அவரே வேண்டாம் என்று தள்ளிப்போட்டார். அப்போது முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். கூட்டிப் பார்த்தால் ஐம்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கிறது. ஓலைக் கொட்டகையில் இருந்தவருக்கு அது எவ்வளவு பெரிய பணம் என்று சொல்ல வேண்டியதில்லை.

"கையும் காலும் ஓடுற வரைக்கும் யாருகிட்டயும் கைநீட்ட வேணாம்டா" என்பார். பத்து வயதில் நடவுக்கு இறங்கியவர். அவருக்குக் கைநீட்டுவது என்றால் பண்ணைவீட்டுக் கொல்லைப்புறத்தில் நின்று பழைய சோறு வாங்குவது. அந்த நினைவை மறக்கத்தான் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். நாங்கள் அப்போது புதுக்கோட்டையில் கல்லூரியில் படித்தோம், ஆர்ப்பாட்டம் என்றால் முதல் வரிசையில் நிற்போம். வீட்டுத் திண்ணையில் இருந்தவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து இது பிச்சை இல்லை என்று பேசத் தோன்றவில்லை.

பெயரும் அப்படித்தானே இருக்கிறது. வாத்தியாருக்கும் தாசில்தாருக்கும் கிடைப்பது ஓய்வூதியம். ஐம்பது வருடம் சேற்றில் நின்றவருக்குக் கிடைப்பது 'உதவி'. தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2011இல் 1,000 ஆனது, 2023இல் 1,200. இதில் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு இன்றைக்கும் 200 ரூபாய்தான்.

2018 நவம்பரில் கஜா வந்தது. தென்னை விழுந்தது, கொட்டகை பறந்தது, எங்கள் பக்கம் மாதக்கணக்கில் கூலி வேலையே இல்லை. அப்போதுதான் அப்பாயி, "அந்தப் பணத்துக்கு எழுதிப் போடுங்கடா" என்றார்.

எழுதிப் போட்டோம். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. ஆதாரில் பிறந்த வருடம் 1961. ஐம்பத்தேழுதான் ஆகிறது, மூன்று வருடம் கழித்து வாங்க என்றார்கள். ஆதார் எடுக்கும்போது யாரோ ஒரு பையன் முகத்தைப் பார்த்து, "அம்பத்திரண்டு போடலாமா பாட்டி?" என்று கேட்டிருக்கிறான். வரிசை நீளமாக இருந்தது, இவரும் தலையாட்டிவிட்டார்.

அப்பாயியிடம் பிறப்புச் சான்று இல்லை. வேறு கணக்கு இருந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமான வருடம் கல்யாணம், அது 1974. எம்.ஜி.ஆர். முதல்முறை ஜெயித்த தேர்தலில் ஓட்டுப் போட்டிருக்கிறார், அது 1977. அன்றைக்கு ஓட்டுப் போட 21 வயது வேண்டும், 1989இல்தான் 18 ஆனது. அப்படியானால் 1956க்குப் பிறகு அவர் பிறந்திருக்கவே முடியாது. ஆதார் சொல்வது உண்மை என்றால் பதினாறு வயதில் ஓட்டுப் போட்டிருக்கிறார்! இந்தக் கணக்கை அலுவலகத்தில் சொன்னபோது, "கதையெல்லாம் வேண்டாம், பேப்பர் இருக்கா?" என்றார்கள். கடைசியில் அத்தை படித்த பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி, அதில் இருந்த 1976ஐக் காட்டி, அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று வாங்கி, ஆதாரைத் திருத்தி, 2020 நடுவில் முதல் பணம் வந்தது. கடந்துபோன மாதங்களுக்கு ஒரு பைசா கிடையாது.

எப்போது வாங்கத் தொடங்குவது என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் மாறும். அமெரிக்காவில் 62 வயதிலேயே வாங்கலாம், 70 வரை தள்ளிப்போட்டால் தொகை கூடும். இங்கேயும் பி.எஃப். பிடித்தம் உள்ள ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கு அப்படி ஒரு கணக்கு உண்டு. பத்து வருடப் பணி இருந்தால் 58இல் ஓய்வூதியம். வேலையை விட்டவர்கள் 50இலேயே கேட்கலாம், முந்தும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். 60 வரை பொறுத்தால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும். அவர்களிடம் அவசரப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறோம், உடம்பு அனுமதித்தால். முதியோர் தொகையில் பொறுத்தவருக்கு ஒன்றுமே கூடாது. ஒரு மாதம் தள்ளினால் 1,200 ரூபாய் போனது போனதுதான்.

அதனால் இப்போது 58 வயதிலேயே தொடங்குகிறோம். ஆதாரில் என்ன வருடம் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் என்ன இருக்கிறது, மூத்த பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது, எல்லாம் ஒரு நோட்டில். ஆதார் தேதியே வயதுக்குச் சான்று ஆகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதன் நகலும் பையில் இருக்கும். பென்சன் வாங்கினால் நூறு நாள் வேலை அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பேச்சு இருந்தபோது அதற்கும் பதில் வைத்திருந்தோம்: 2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயதுக்கு மேல்வரம்பு எதுவும் இருக்கவில்லை.

எங்கள் தெருவில் மட்டும் நோட்டில் பதினொரு பேர். ஒன்பது பேர் ஒத்துக்கொண்டார்கள். அப்பாயியின் தங்கச்சி மட்டும், "எனக்கென்னடா வயசாயிருச்சு?" என்று விரட்டுகிறார். சனிக்கிழமை அப்பாயியையே கூட்டிக்கொண்டு போகிறோம்.