கண்ணீரைக் காத்த சுவர்கள்

ஏஜியன் கடலின் கிழக்கோரத்தில், துருக்கியின் கரை வெறுங்கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது கியோஸ் தீவு. கிரேக்கத் தீவு என்றதும் நம் நினைவில் எழும் வெள்ளைச் சுவர்களும் நீலக் குவிமாடங்களும் இதன் தென்பகுதி ஊர்களின் அடையாளம் அல்ல. நம்மூர் நாட்டுமருந்துக் கடைகளில் 'ரூமி மஸ்தகி' என்று பொட்டலமாகக் கிடைக்கும் பிசினின் பிறப்பிடம் அவ்வூர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் அறியாமல்தான், ஓர் அக்டோபர் மாதத்தில் நாங்கள் அங்கு போய்ச் சேர்ந்தோம்.

முதலில் கண்டது மெஸ்தா. அவ்வூருக்கென்று தனியே மதில் கிடையாது. விளிம்பிலுள்ள வீடுகளின் பின்சுவர்களே ஒன்றோடொன்று ஒட்டி நின்று மதிலாகியிருக்கின்றன. அச்சுவர்களில் அக்காலத்தில் சாளரங்கள் வைக்கவில்லை. உள்ளே, கல் வளைவுகளால் மூடப்பட்ட குறுகிய சந்துகள். அவற்றுள் சில திடீரென்று முட்டி நின்றுவிடுகின்றன. அரைமணி நேரம் வழிதவறி அலைந்தோம். ஒவ்வொரு வளைவின் கீழும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். எவ்வளவு அழகு என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டோம்.

வந்தவன் வழிதவற வேண்டும் என்பதற்காகவே அச்சந்துகள் அமைக்கப்பட்டன என்பது பிறகுதான் விளங்கிற்று. 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட ஜெனோவா வணிகர்கள், கடற்கொள்ளையருக்கு எதிராக இவ்வூர்களை இப்படி வளர்த்தெடுத்தனர். ஆபத்து வந்தால் மக்கள் கூரைவழியாகவே ஓடி நடுவிலுள்ள கோபுரத்தில் ஒளிந்துகொள்ளலாம். ஆனால் காக்கப்பட்டது மக்கள் மட்டும்தானா? பிசின் வணிகம் முழுவதும் ஆள்வோரின் தனியுரிமை. அதைத் திருடியவருக்குக் காதையும் மூக்கையும் அறுப்பது முதல் தூக்கு வரை தண்டனை இருந்தது. வெளியிலிருந்து வருபவனைத் தடுத்த அதே சுவர், உள்ளிருந்தவரையும் கண்காணித்தது. நாங்கள் அழகென்று வியந்தது ஒரு பூட்டிய பெட்டியை.

இந்தச் சிறுமையுணர்வோடு மறுநாள் தீவின் நடுப்பகுதியிலுள்ள அனவாதோஸுக்குச் சென்றோம். செங்குத்தான பாறையின் உச்சியில், பாறையின் நிறத்திலேயே நிற்கும் கல்வீடுகள், பெரும்பாலும் ஆளற்றவை. 1822இல் கிரேக்க விடுதலைக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த உஸ்மானியப் படை இத்தீவில் பல்லாயிரக்கணக்கானோரைக் கொன்றது; மேலும் பல்லாயிரவரை அடிமைகளாக விற்றது. அக்கொடுமையை 1824இல் டெலக்ருவா வரைந்த ஓவியம் இன்றும் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அனவாதோஸ் மக்கள் பிடிபட மனமின்றி அந்தப் பாறையிலிருந்து குதித்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விளிம்பில் நின்று கீழே பார்த்தபோது எங்களில் யாரும் பேசவில்லை. படமும் எடுக்கவில்லை.

அதே ஆண்டில் தெற்கத்திய பிசின் ஊர்கள் பெருமளவு தப்பின. சுவர்களால் அல்ல. அவற்றின் பிசின் சுல்தானின் அரண்மனைக்குத் தேவைப்பட்டது.

மூன்றாம் நாள் பிர்கி. கருமணற் பூச்சின்மேல் சுண்ணாம்படித்து, ஈரம் காயுமுன் சுரண்டி எடுத்த முக்கோணங்களும் வட்டங்களும் வீட்டுச் சுவர்களை நிறைத்திருந்தன. மாடங்களில் சிறுதக்காளிகளைச் சரம்சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு வாசலில் மூன்று பெண்கள் அமர்ந்து பிசினைத் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். கோடையில் மரத்தடியைப் பெருக்கி, வெண்மண் பரப்பி, பட்டையைக் கீறிவிடுகிறார்கள். வடியும் துளிகள் இரண்டு மூன்று வாரங்களில் இறுகுகின்றன. பொறுக்கிச் சேர்த்தபின், ஒட்டியிருக்கும் மண்ணைச் சிறுகத்தியால் துளி துளியாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அத்துளிக்கு அவர்கள் இட்ட பெயர் 'கண்ணீர்'.

மூத்தவள் எங்கள் உள்ளங்கையில் ஆளுக்கொரு துளி வைத்து, மெல்லும்படி சைகை காட்டினாள். முதலில் கசந்தது, பிறகு பைன் மரத்தின் குளிர்ந்த மணம். அவளுடைய முன்னோரைச் சிறைவைத்ததும் இதுதான், உயிரோடு விட்டதும் இதுதான் என்று அவளிடம் சொல்ல எங்களுக்கு மொழியில்லை. சொல்லியிருந்தாலும் அது அவளுக்குப் புதிய செய்தியாக இருந்திராது. எங்கள் முகம் சுளிப்பதைக் கண்டு சிரித்துவிட்டு, அடுத்த துளியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.